யாருக்காகப் படிக்கிறோம்? இருநூறு வருடமாய்த் தொடரும் ஒரு கேள்வி

போன வருடம் எங்கட பீடத்து மாணவர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு கிராமத்துப் பாடசாலைக்குப் போனோம். சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளைகளுக்கு உயர்தரத்தில் என்னென்ன பிரிவு இருக்கு, பல்கலைக்கழகத்துக்கு எப்படி வாறது என்று விளங்கப்படுத்துவது எங்கட வேலை. இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, மகாபொல என்று எல்லாத்தையும் சொல்லி முடித்துவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கோ என்றோம். பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்.

“அக்கா, நல்லாப் படிச்சா நல்ல இடத்தில கலியாணம் பேசலாம் எண்டு அம்மா சொல்லுறவ. அதுக்குத்தானே படிக்கிறது?”

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். “இல்லை தங்கச்சி, சொந்தக் காலில நிக்கிறதுக்கு” என்று ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்தோம். திரும்பி வரேக்க பஸ்ஸில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்களில் பெண்பிள்ளைகள்தான் கூட. அதில் இரண்டு பேருக்கு வீட்டில் கலியாணம் பேசத் தொடங்கியாயிற்று. “கம்பஸ் முடியட்டும்” என்று தவணை சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை கேட்டது எங்களையும் சேர்த்துத்தான்.

பிறகு கொஞ்ச நாள் நூலகத்தில் இருந்து பழைய புத்தகங்களைப் புரட்டினோம். அந்தப் பிள்ளையின் அம்மா சொன்னது அவ சொந்தமாய்க் கண்டுபிடித்த கதை இல்லை என்று விளங்கியது. எங்கட ஊரில் பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்த நாளிலேயே அதுவும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது.

உடுவில், 1824

எங்கட வளாகம் இருக்கிற திருநெல்வேலியில் இருந்து உடுவில் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். போகிற வழியில்தான் மருதனார்மடம். இந்தக் கதையில் பாதி இந்தச் சின்ன வட்டத்துக்குள் நடந்தது.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். அப்போது இங்கே பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மணலில் எழுதி, ஏட்டில் வாசித்து, ஆண்பிள்ளைகள் படித்தார்கள். பெண்பிள்ளைகள் அந்தத் திண்ணையில் ஏறவில்லை. கோயில்களில் ஆடிப்பாடிய பெண்களுக்கு மட்டும் எழுத்துத் தெரிந்திருந்தது என்றும், அதனாலேயே படிப்பு குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்று ஊர் நினைத்தது என்றும் மிஷனரிமார் எழுதிவைத்தார்கள். அமெரிக்காவில் காசு சேர்க்க வேண்டியிருந்தவர்கள் எழுதியது என்பதையும் நாங்கள் மறக்கக்கூடாது. ஆனாலும் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பிடிப்பது பெரிய பாடாய் இருந்தது என்பதில் ஐயம் இல்லை.

1824இல் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பாடசாலை தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்று இன்றைக்கும் சொல்லப்படுகிற உடுவில் மகளிர் கல்லூரி அதுதான். தமிழ் ஆங்கில அகராதி செய்த மைரன் வின்ஸ்லோவின் மனைவி அவர். பிள்ளைகளுக்குச் சாப்பாடு, உடுப்பு, தங்குமிடம் எல்லாம் மிஷன் கொடுத்தது. கடல் கடந்து காசு அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்கள் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டன. படித்து முடித்துக் கிறித்தவரைக் கலியாணம் கட்டும் பிள்ளைக்கு மிஷனே ஒரு சிறு சீதனமும் கொடுத்தது.

சீதனம் கொடுத்த காரணத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வருடம் முந்தி, 1823இல், வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்குச் செமினரி தொடங்கியிருந்தது. அங்கே படித்து வெளியில் வருகிற இளைஞர்களுக்குப் படித்த கிறித்தவ மனைவி வேணும். மனைவி கிறித்தவளாய் இல்லாவிட்டால் புருசன் பழையபடி கோயிலுக்குத் திரும்பிவிடுவான் என்ற பயம் மிஷனுக்கு இருந்தது. ஆகவே உடுவிலில் பெண்ணுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது, வட்டுக்கோட்டைப் பொடியன்தான் மனதில் இருந்தான். “படிச்சா நல்ல இடத்தில கலியாணம்” என்ற கதைக்கு இங்கேயே ஒரு வேர் இருக்கிறது.

ஆனால் பாடத்தில் இருந்தது ஒன்று, கண்முன்னால் நடந்தது இன்னொன்று. ஹரியற் 1833இல் இறந்துபோனார். 1840இல் எலைசா அக்னியூ என்ற இன்னொரு அமெரிக்கப் பெண் வந்தார். ஏறத்தாழ நாற்பது வருடம் அவர்தான் உடுவில் பாடசாலையை நடத்தினார். கலியாணம் செய்யவில்லை. சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவும் இல்லை. 1883இல் மானிப்பாயில் காலமானார். ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று அவரை அழைத்தார்கள். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அவரிடம் படித்தது. நல்ல மனைவியாய் வருவதற்காகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள், ஒரு மனைவியாய் இல்லாமலே ஒரு பாடசாலையைக் கட்டி ஆண்ட பெண்ணை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் பிறகு கிராமப் பள்ளிகளில் ஆசிரியைகளாய்ச் சம்பளம் எடுத்தார்கள். எங்கட ஊரில் “ரீச்சர்” என்ற சொல் பெண்ணுக்கு ஒட்டிக்கொண்ட வரலாறு அங்கே தொடங்குகிறது.

மருதனார்மடம், 1913

மிஷன் பள்ளிகளுக்குச் சைவர்கள் கொடுத்த பதில் எங்களுக்குப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அது ஆண்பிள்ளைகளுக்கானது. பெண்பிள்ளைகளுக்கு ஒரு பெரிய சைவ விடுதிப் பாடசாலை வர 1913 மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் போனது அறுபத்தைந்து வருடம். எங்கட மறுமலர்ச்சியைப் பற்றிப் பெருமையாய்க் கதைக்கிறபோது இந்த இடைவெளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தப் பாடசாலையைக் கட்டியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரி. சொந்தக் காசைப் போட்டார், பெரிய கட்டடங்கள் எழுப்பினார். உடுவிலுக்குப் போகிற சைவப் பிள்ளைகள் மதம் மாறக்கூடாது, சைவ வீட்டுக்கு ஏற்ற சைவப் பெண்ணாய் வர வேணும் என்பது நோக்கம். மதம் மாறியது, நோக்கம் மாறவில்லை. அங்கே கிறித்தவ மனைவி, இங்கே சைவ மனைவி.

இங்கேயும் ஒரு வேடிக்கை நடந்தது. இந்தப் பாடசாலைக்கு அதிபராய் இராமநாதன் அழைத்துவந்தவர் புளோரன்ஸ் ஃபார். இலண்டனில் பெயர்பெற்ற நாடக நடிகை, கவிஞர் யேட்ஸின் சிநேகிதி, கணவனை விவாகரத்துச் செய்து தனியாய் வாழ்ந்தவர். 1912இல் இலங்கைக்கு வந்து, 1917இல் கொழும்பில் இறந்துபோனார். அடக்கமான இல்லத்தரசிகளை உருவாக்கத் தொடங்கிய இடத்தில் பிள்ளைகள் முதலில் கண்ட அதிபர் இப்படி ஒருவர். அந்தப் பிள்ளைகள் அவரைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதை நாங்கள் கற்பனை செய்ய மட்டுந்தான் முடியும்.

இராமநாதன் பெயரைக் கேட்டால் எங்களுக்கு ஒரு தனி உறவு இருக்கு. அவர் ஆண்பிள்ளைகளுக்காய் 1921இல் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில்தான் இன்றைக்கு எங்கட பல்கலைக்கழகம் நிற்கிறது. நாங்கள் விரிவுரைக்குப் போகிற பாதையில் அவர் கட்டிய கோயில் இருக்கிறது. ஆனபடியால் அடுத்த தகவலை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாய்த்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் சரி, வாக்கு?

1927இன் கடைசியில் இலங்கைக்கு டொனமூர் ஆணைக்குழு வந்தது. யார் யாருக்கு வாக்குரிமை கொடுக்கலாம் என்று விசாரித்தது. அந்த நேரம் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாகி, பெண்களுக்கும் வாக்கு வேணும் என்று ஆணைக்குழுவின் முன் போய்க் கேட்டது. வேண்டாம் என்று சொன்ன பெரிய தலைவர்களில் ஒருவர் இராமநாதன். சர்வசன வாக்குரிமையையே எதிர்த்த அவர், பெண்ணுக்கு வாக்கு என்பதையும் எதிர்த்தார். பதினைந்து வருடத்துக்கு முந்தி பெண்பிள்ளைகளுக்கு மாளிகை மாதிரிப் பள்ளிக்கூடம் கட்டிய அதே மனிசன்.

முதலில் இது முரண் என்று நினைத்தோம். யோசித்துப் பார்க்க, முரண் இல்லை. வீட்டுக்காகப் படிக்கிற பெண்ணுக்கு வாக்கு எதற்கு? அவர் பெண்ணுக்குக் கல்வி கொடுத்ததும் வாக்கை மறுத்ததும் ஒரே எண்ணத்தில் இருந்து வந்தவை.

ஆனால் படித்த பெண்கள் அவர் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. 1914இலேயே மங்களநாயகம் தம்பையா “நொறுங்குண்ட இருதயம்” என்ற நாவலை எழுதிவிட்டார். கணவன் வீட்டில் ஒரு மனைவி படுகிற துன்பம் அதன் கதை. நல்ல மனைவியாவதற்குக் கற்ற எழுத்தை, மனைவியின் நிலைமை என்ன என்று எழுதப் பாவித்தார். 1920களில் மங்களம்மாள் மாசிலாமணி யாழ்ப்பாணத்தில் இருந்து “தமிழ் மகள்” இதழை நடத்தினார். பெண் கல்வி, சீதனம், வாக்குரிமை எல்லாம் பெண்ணின் வாயாலேயே பேசப்பட்டன.

ஆணைக்குழு முதலில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்கு என்று சிபாரிசு செய்தது. கடைசியில் 1931இல் 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாய்க் கிடைத்தது. அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் இருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு மட்டும் கொஞ்சம் பிந்தியது. பூரண சுயராச்சியம் கேட்டு வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்ததால், இங்கே 1934இல்தான் வாக்குப் பெட்டி வந்தது.

காசு கட்ட வேண்டியிருந்த காலம்

இதுவரை சொன்னதெல்லாம் வசதியும் சாதியும் இருந்த வீட்டுப் பிள்ளைகளின் கதை என்று யாரும் கேட்டால், அது சரிதான். 1930ஐ ஒட்டிய வருடங்களில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் சமமாய் இருக்க வேணும் என்று அரசாங்கம் சொன்னபோது, யாழ்ப்பாணத்தில் சில பள்ளிக்கூடங்களை எரித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பெண்பிள்ளைக்குக் கதவு இரண்டு தரம் பூட்டியிருந்தது. ஒன்று ஊர் பூட்டியது, மற்றது வீடு பூட்டியது.

நல்ல ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டவும் வேணும். ஒரு வீட்டில் நாலு பிள்ளை, காசு இரண்டு பேருக்குத்தான் காணும் என்றால் எந்த இரண்டு பேர் போவார்கள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது இந்தக் கணக்கு மாறியது. “உனக்கு ஏன் படிப்பு?” என்று கேட்ட அப்பா, “சரி, காசு கேட்கேல்லைத்தானே, போ” என்று சொல்ல வழி பிறந்தது. யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி 1943இல் தொடங்கியதும் இதே காலத்தில்தான். எங்கட அம்மம்மாமாரில் பலர் அவர்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் பெண்கள். அதற்கு முந்தின பெண்களின் பெயர் உறுதிகளில் கைநாட்டாய்த்தான் இருக்கிறது.

மலையகத்தில் வேறு கணக்கு

எங்களில் ஒருத்தி அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வந்தவள். இந்தக் கட்டுரையின் முதல் வரைபை வாசித்துவிட்டு, “1945இல் இலவசக் கல்வி வந்தது எண்டு எழுதியிருக்கீங்க. எங்க ஊருக்கு எப்ப வந்தது?” என்று கேட்டாள். அவள் கேட்டிராவிட்டால் இந்தப் பகுதியை நாங்கள் எழுதியிருக்க மாட்டோம்.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிற கடமையைத் துரைமாரிடம் கொடுத்தது. அதுவும் 6 வயது தொடக்கம் 10 வயது வரைக்கும்தான். பத்து வயதுக்குப் பிறகு கொழுந்து பறிக்கப் போகலாம் என்பது சொல்லாமல் சொன்ன கருத்து. ஒரு அறை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. இலவசக் கல்வி வந்தபிறகும் தோட்டப் பாடசாலைகள் பல காலம் தோட்டத்தின் கையிலேயே கிடந்தன. 1948இல் குடியுரிமையே பறிபோனது. அரசாங்கம் இந்தப் பாடசாலைகளைப் பெருமளவில் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1970களில்தான். யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் முப்பது வருடம் பிந்தி.

அந்த ஐந்து வகுப்பையும் பெண்பிள்ளை முழுசாய்ப் படிக்கவில்லை. அம்மா விடிய மலைக்குப் போனால் தம்பி தங்கச்சியை யார் பார்ப்பது? மூத்த பெண்தான். கொஞ்சம் வளர்ந்தால் கொழும்பில் ஒரு வீட்டு வேலை. இப்படி இருந்த இடத்தில்தான் மீனாட்சி அம்மாள், கணவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாய்ப் போய்ப் பாட்டாய்ப் பாடி ஆட்களைத் திரட்டினார். வாசிக்கத் தெரியாத பெண்களுக்கும் பாட்டு விளங்கும். 1931இல் பெண்ணுக்கு வாக்குக் கிடைத்த இந்த நாட்டில், மலையகத் தமிழ்ப் பெண்கள் முதல் தடவையாய்ப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானது 2024 நவம்பரில். அம்பிகா சாமுவேல், கிருஷ்ணன் கலைச்செல்வி என்ற இரண்டு பேர். இடையில் 93 வருடம்.

முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கதையும் தனியாய் எழுத வேண்டிய ஒன்று. “முஸ்லிம் நேசன்” பத்திரிகை நடத்திய சித்திலெப்பை, சொந்தச் சமூகத்தின் எதிர்ப்புக்கு நடுவிலும் 1890களின் தொடக்கத்தில் கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார். அவர்களுக்கென ஒரு தேசியப் பாடசாலையாய் இன்று நிற்கிற கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியது 1946இல். அதையும் விரிவாய் எழுத வேணும் என்று நினைத்திருக்கிறோம்.

ஜாம் போத்தல் வெளிச்சம்

எங்கட அம்மாமார் படித்தது போருக்குள்ளே. 1990இல் இருந்து யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் எண்ணெயை விட்டுத் திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் உயர்தரம் படித்தார்கள். கொப்பி இல்லை என்றால் எழுதின பக்கத்தில் குறுக்காய் எழுதினார்கள். ரியூசனுக்கு டைனமோ லைற்றுச் சைக்கிளில் கூட்டமாய்ப் போய் வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்ணின் படிப்புக்குச் சைக்கிள் செய்த உதவியைப் பற்றி ஒருத்தர் ஒரு ஆய்வே செய்யலாம்.

அந்தச் சைக்கிள் பாதையிலேயே நடந்தது இது. 1996 செப்டெம்பர் 7. சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமி உயர்தர இரசாயனவியல் பரீட்சையை எழுதிவிட்டுக் கைதடிக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். செம்மணி இராணுவச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிக் கொன்றார்கள். அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டார்கள். 1998இல் நீதிமன்றம் படையினர் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. அடுத்த பாடத்துக்குப் படிக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை அவர். எங்கட அம்மாமார் இதைச் சொல்லும்போது, அதற்குப் பிறகும் தாங்கள் அதே றோட்டால் பரீட்சைக்குப் போனதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பயமில்லாமல் போகவில்லை. பயத்தோடுதான் போனார்கள்.

வன்னியில் போரின் கடைசி வருடங்களில் வேறொன்று நடந்தது. கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, கலியாணம் கட்டினால் பிடிக்கமாட்டார்கள் என்று பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குக் கலியாணம் கட்டிவைத்தார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் கணக்கில் அதையும் எழுதத்தான் வேணும். பதினாறு வயதில் கொப்பியை மூடிவைத்த அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர்களின் பிள்ளைகள்தான் இப்ப சாதாரண தரம் எழுதப் போகிறார்கள்.

தங்கச்சிக்கு ஒரு பதில்

இன்றைக்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். எங்கட பீடத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தை எட்டிப் பார்த்தால் போதும். ஆனால் நாடு முழுக்க எடுத்தால் வேலையில் இருக்கிற, அல்லது வேலை தேடுகிற பெண்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். படித்த மற்றப் பெண்கள் எங்கே போனார்கள்? பட்டமளிப்புப் படம் விறாந்தைச் சுவரில் தொங்குகிறது. அவர்கள் குசினியில். வீட்டு வேலை கேவலம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதைத் தெரிந்தெடுத்தார்களா, அல்லது வேறு தெரிவு இருக்கென்று யாரும் சொல்லவில்லையா என்றுதான் கேட்கிறோம்.

பின்வாங்குத் தங்கச்சி, உன்ர அம்மா சொன்னது பொய் இல்லை. 1824இல் இருந்து எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். மிஷன் சொன்னது, சைவப் பெரியவர்கள் சொன்னார்கள், இப்ப கலியாணத் தரகரும் அதைத்தான் சொல்கிறார். கலியாணம் நல்லதாய் அமைந்தால் சந்தோசம். ஆனால் உடுவிலில் படித்த பிள்ளை ஆசிரியையாய்ப் போனது, மங்களநாயகம் நாவல் எழுதியது, மங்களம்மாள் இதழ் நடத்தியது எல்லாம் பள்ளிக்கூடம் கட்டினவர்கள் போட்ட திட்டத்தில் இருக்கவில்லை. அவர்கள் கையில் கிடைத்த எழுத்தை வைத்து வேறொன்று செய்தார்கள். அவர்கள் செய்ததால்தான் நாங்கள் இன்றைக்கு வந்து உன்ர வகுப்பில் நின்று கதைக்க முடிந்தது.

அன்றைக்கு நாங்கள் உன்னிடம் திருப்பிக் கேட்டிருக்க வேணும், கேட்கவில்லை. இப்ப கேட்கிறோம். உனக்கு என்ன படிக்க விருப்பம்? கலியாணத்துக்கு நல்லது, வேலைக்கு நல்லது, வீட்டுக்கு நல்லது என்ற எல்லாத்தையும் ஒருக்காய் ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்லு. அது வரலாறாய் இருக்கலாம், இயந்திரவியலாய் இருக்கலாம், தையலாய்க்கூட இருக்கலாம். பதில் உடனே வராவிட்டால் பரவாயில்லை, எங்களுக்கும் வரவில்லை. ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவை. அம்மாவிடமும் கேட்டுப்பார், அவவுக்கு உன்ர வயதில் என்ன விருப்பம் இருந்தது என்று. எங்கட வீடுகளில் நாங்கள் கேட்டோம். ஒரு அம்மா ஜாம் போத்தல் விளக்கில் படித்த இரசாயனவியல் சமன்பாடு ஒன்றை இன்னும் மறக்காமல் சொல்லிக்காட்டினா.

அடுத்த தவணை திரும்பியும் அந்தப் பாடசாலைக்குப் போக இருக்கிறோம். இந்த முறை முதலில் கேட்கப்போவது நாங்கள்.